ஆண்டுக்குக் கீழே ஓர் எழுத்து

பர்மிங்ஹாம் விமான நிலையத்துக்கு அருகே, எம்42 நெடுஞ்சாலையின் ஆறாம் சந்திப்பை ஒட்டி தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நார்ட்டனையும் பிஎஸ்ஏவையும் ட்ரையம்ப்பையும் பார்க்க ஆட்கள் வந்துபோகும் இடம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று மட்டும் அங்கே வேறொரு கூட்டம் சேரும். சட்டைப் பையில் லென்ஸ், கையில் ஓரம் மடங்கிய பட்டியல், கண் முழுக்க அவசரம். மிட்லண்ட் நாணயச் சந்தைக்கு வருகிறவர்கள் அவர்கள். யார்க் குதிரைப்பந்தய மைதானத்தில் ஜனவரியிலும் ஜூலையிலும் கூடும் சந்தை இதைவிடப் பெரிது. லண்டனில் பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கம் நடத்தும் காயினெக்ஸில் தங்கக் கினியும் எலிசபெத் காலத்து வெள்ளியும் பளபளக்கும். அங்கெல்லாம் ஆசையாகப் போய் வந்திருக்கிறேன். இருந்தாலும் நான் சேர்ப்பது செம்பும் வெண்கலமும், அதிலும் பென்னிகள். அவற்றில் நல்ல பங்கு இந்த பர்மிங்ஹாமிலேயே அடித்தவை. பிறந்த ஊரில் வைத்து அவற்றைத் தேடுவதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

எல்லாம் மேத்யூ போல்டனிடமிருந்து தொடங்குகிறது. ஹேண்ட்ஸ்வொர்த்தில் அவர் வைத்திருந்த சோஹோ ஆலையில், ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து செய்த நீராவி எந்திரத்தைக் கொண்டே நாணய அச்சு எந்திரங்களை ஓட்டினார். 1797ல் அரசாங்கம் அவருக்குச் செம்பு நாணயம் அடிக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. அந்தப் பென்னி சரியாக ஒரு அவுன்ஸ் எடை. இரண்டு பென்ஸ் நாணயம் இரண்டு அவுன்ஸ், குறுக்களவு 41 மில்லிமீட்டர். அகலமாக எழும்பிய விளிம்பைப் பார்த்து ஜனங்கள் அதற்கு வண்டிச் சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரர்கள் அதையே எடைக்கல்லாகவும் தராசில் போட்டார்கள். பதினாறு பென்னி வைத்தால் ஒரு பவுண்டு எடை. சந்தைக்குப் புதிதாக வருகிறவர் யாராவது என்னோடு இருந்தால், முதலில் ஒரு வண்டிச் சக்கரத்தை வாங்கி உள்ளங்கையில் வைப்பேன். ராஜாவின் தலையோ பிரிட்டானியாவோ அப்புறம்தான் கண்ணில் படும். முதலில் தெரிவது கனம். இரண்டு காசு என்றால் இரண்டு காசுக்கு உரிய செம்பு இருந்தாக வேண்டும் என்று நினைத்த காலம் அது. அதைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட ஒருமுறை கையில் தாங்கிப் பார்த்தால் போதும்.

சோஹோவின் எந்திரங்கள் 1850ல் ஏலத்துக்கு வந்தபோது அதே ஊர்க்காரரான ரால்ஃப் ஹீட்டன் அச்சு எந்திரங்களை எடுத்தார். அப்படி வளர்ந்த பர்மிங்ஹாம் மின்ட் 2003 வரை ஓடியது. லண்டன் டவர் ஹில்லில் இருந்த அரச நாணய ஆலைக்கு வேலை தாங்காமல் போகும்போதெல்லாம் ஹீட்டனிடம் ஒப்பந்தம் வரும். 1874லிருந்து ஹீட்டன் ஆலையில் அடித்த பென்னிகளில் ஆண்டுக்குக் கீழே எச் என்று ஓர் ஆங்கில எழுத்து, எள்ளளவுக்கு. 1912, 1918, 1919 பென்னிகளில் அந்த எழுத்து ஆண்டுக்கு இடப்பக்கம் போய்விடும். 1918லும் 1919லும் கிங்ஸ் நார்ட்டன் உலோகக் கம்பெனியும் அடித்தது. அவற்றில் கேஎன் என்று இரண்டு எழுத்து. இந்த எழுத்துகளைத் தேடித்தான் நான் வரிசை வரிசையான மேசைகளுக்கு நடுவே போகிறேன்.

கதவு திறந்த முதல் அரை மணி நேரம் வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொண்டிருப்பார்கள். ஒரு மேசையில் பார்த்த காசு பத்து நிமிடத்தில் மூன்றாவது மேசையில் வேறு விலையோடு உட்கார்ந்திருக்கும். அதனால் நான் முதல் சுற்றில் எதையும் கேட்பதில்லை. எந்த மேசையில் விளக்கு நன்றாக இருக்கிறது, யார் புதுச் சரக்கு கொண்டுவந்திருக்கிறார், யாரிடம் ‘எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு’ பெட்டி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். இரண்டாம் சுற்றில்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது. வேறொருவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே கை நீட்டக் கூடாது. காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும், கைதவறினாலும் தட்டின் துணிமேல் விழுகிற மாதிரி தாழ்வாகப் பிடிக்க வேண்டும். மற்றவர் காதில் விழும்படி விலையைக் குறை சொல்லக் கூடாது. இவ்வளவும் தெரிந்துகொண்டால் போதும், மேசைக்கு அடியில் இருக்கும் தட்டும் ஒருநாள் வெளியே வரும்.

பேரத்தைப் பற்றி நம்மவர்கள் நிறையக் கேட்பார்கள். பேரம் உண்டு. ஆனால் நம்மூர்ச் சந்தையில் பாதி விலைக்குக் கேட்கிற வழக்கம் இங்கே செல்லாது. “இதுக்கு உங்க கடைசி விலை என்ன?” என்று ஒருமுறை கேட்கலாம். வியாபாரி சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். அதன் பின்பக்கம் தான் வாங்கிய விலையைப் பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக் குறியாக எழுதியிருப்பார். அதைப் பார்த்துக் கொஞ்சம் குறைப்பார். அதற்குமேல் இழுப்பது மரியாதையில்லை.

இனி 1882ஆம் ஆண்டுப் பென்னிக்கு வருகிறேன். நாணயத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரே காசை வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அந்தச் சமயம் டவர் ஹில் ஆலையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பென்னி வேலை ஹீட்டனுக்குப் போனது. அதனால் 1882 என்றால் கீழே எச் இருக்க வேண்டும். ஒரு பவுண்டு பெட்டியில்கூடக் கிடைக்கும். எச் இல்லாத 1882 மிக அபூர்வம், ஆயிரக்கணக்கில் விலை போகக் கூடியது. இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் மோசடிக்காரன் கை சும்மா இருக்குமா? எச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கப் பார்ப்பான். லென்ஸை வைத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சுரண்டிய இடத்தில் வெற்றுப் பரப்பு லேசாகக் குழிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் காசைச் சாய்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஒளி வேறு திசையில் திரும்பும். நிறமும் சுற்றுவட்டாரத்தோடு ஒத்துப்போகாது. சுரண்டாமலே, புழக்கத்தில் தேய்ந்து எழுத்து மறைந்த காசுகளும் உண்டு. அவற்றில் யாருடைய குற்றமும் இல்லை, ஆனால் அவை அபூர்வக் காசும் இல்லை. அசலில் அச்சே வேறு. வெண்கல நாணயங்களைப் பற்றி மைக்கேல் ஃப்ரீமன் எழுதிய நூலில் தலைப்பக்க அச்சுக்கு எண்ணும் பின்பக்க அச்சுக்கு எழுத்தும் கொடுத்து, எந்த அச்சு எதோடு சேர்ந்து எந்த ஆண்டு வந்தது என்று பிரித்திருக்கிறார். எச் இல்லை என்பதை மட்டும் பார்த்து யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ராணியின் கூந்தல் இழை, பிரிட்டானியாவின் உடை மடிப்பு, எழுத்துகள் விளிம்புப் பற்களைப் பார்த்து நிற்கும் கோணம் எல்லாம் பொருந்தி வர வேண்டும்.

இப்படி நுணுகிப் பார்ப்பது பைத்தியம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. 1895 பென்னியை எடுங்கள். அந்த ஆண்டுதான் விக்டோரியாவின் இளம் முகம் போய், முக்காடிட்ட முதிய முகம் வந்தது. பின்பக்கத்தில் பிரிட்டானியாவுக்கு இருபுறமும் அதுவரை இருந்த கலங்கரை விளக்கமும் கப்பலும் போயின. அந்த ஆண்டுப் பென்னிகள் சிலவற்றில் திரிசூலத்துக்கும் பென்னி என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர், பெரும்பாலானவற்றில் ஒன்று. இரண்டு மில்லிமீட்டர் உள்ளதுதான் அரிது. ஒரு புது வடிவத்தை நிலைப்படுத்தும்போது ஆலையில் யாரோ ஒருவர் அச்சைத் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தம் எந்த அரசாணையிலும் செய்தியாகவில்லை. அது தங்கியிருப்பது இந்தக் காசுகளின் மேல்தான். அதைக் கண்ணால் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே நான் ஞாயிறு காலை எழுந்து ரயில் ஏறுகிறேன்.

சேகரிப்பாளர்கள் ஆரம்பத்தில் மனப்பாடம் செய்வது எத்தனை நாணயம் அடித்தார்கள் என்ற எண்ணிக்கையை. குறைவாக அடித்தது விலை கூடியது என்ற கணக்கு எளிதாக இருக்கிறது. சந்தையில் அந்தக் கணக்கு எப்படி உடைகிறது என்பதற்கு இரண்டு பென்னிகளைச் சொல்கிறேன்.

1951ல் அடித்த பென்னிகள் 1,20,000 மட்டும். பிரிட்டனில் அப்போது பென்னி தேவைக்கு மேல் இருந்ததால் பெரும்பாலும் பெர்முடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கை குறைவு என்று தெரிந்ததும் வியாபாரிகள் அங்கிருந்து திரும்ப வரவழைத்தார்கள். அதனால் இன்று சந்தைக்குப் போனால் 1951 பென்னி அழகான நிலையில், செந்நிற மினுமினுப்போடு, நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. 1919ல் ஹீட்டனும் கிங்ஸ் நார்ட்டனும் அடித்தவை இரண்டும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேல். ஆனால் போர் முடிந்த கையோடு அவசரத்தில் அடித்தவை அவை. பலவற்றில் அச்சே ஆழமாகப் பதியவில்லை, ராஜாவின் தலைமுடி பிறவியிலேயே மழுங்கியிருக்கும். யாரும் எடுத்து வைக்கவில்லை. 240 பென்னி ஒரு பவுண்டு என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15ல் முடிவுக்கு வரும்வரை அரை நூற்றாண்டு பேருந்திலும் கடையிலும் கை மாறித் தேய்ந்தன. தேய்ந்த கேஎன் பென்னி வேண்டுமானால் கிடைக்கும். ராஜாவின் முடி இழை தெரிகிற, மினுமினுப்பு மிஞ்சிய 1919 கேஎன் பென்னி மேசைமேல் வந்தால் பேச்சு நின்றுவிடும். எத்தனை பிறந்தன என்பது புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை எந்த நிலையில் பிழைத்தன என்பது நூற்றுக்கணக்கான தட்டுகளைப் பார்த்துத் தேர்ந்த கண்ணுக்கு மட்டும்தான் பிடிபடும்.

பலரும் விசாரிக்கும் 1933 பென்னியைப் பற்றி ஒரு வரி. அந்த ஆண்டு புழக்கத்துக்குப் பென்னி தேவைப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லில் வைக்கவும் அருங்காட்சியகங்களுக்கும் என்று அடித்த ஏழு எட்டுதான் உலகத்தில் இருப்பவை. பெட்டியில் கிடைக்காது.

மேற்பரப்பைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். செம்பென்றால் புளி போட்டுத் துலக்கிப் பளபளக்க வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தைத் துலக்கினால் அதன் தோல் போய்விடும், திரும்ப வராது. ஆலையிலிருந்து வந்த பரப்பில், விளக்கின் கீழ் காசைத் திருப்பத் திருப்ப ஒளிக்கீற்று வட்டமாகச் சுழன்று வரும். துலக்கிய காசில் அந்தச் சுழற்சி செத்துப்போயிருக்கும். பரப்பு முழுக்க ஒரே பளபளப்பு, ஒருவித இளஞ்சிவப்பு. லென்ஸில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். எழுத்துகளின் மூலையில் மட்டும் பழைய அழுக்கு ஒட்டியிருக்கும், துணி அங்கே எட்டியிருக்காது. படத்தில் இப்படிப்பட்ட காசு மிக அழகாக விழும். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கச் சந்தைதான் கதி.

கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைத்துத் துலக்குகிறவர்கள் கெடுத்த ஃபார்திங்குகள் ஏராளம். கால் பென்னி நாணயமான ஃபார்திங் அளவில் தங்க அரை சாவரினுக்குக் கிட்டத்தட்ட ஒத்திருந்தது. புது ஃபார்திங்கைத் தங்கம் என்று தள்ளிவிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், 1897ல் தொடங்கி முதல் உலகப் போர்க் காலம் வரை ஆலையே அவற்றைக் கறுப்பாக்கி வெளியிட்டது. அந்தக் கறுப்புதான் அதன் அசல் நிறம். அதைச் சுரண்டி எடுத்து, சுத்தம் செய்துவிட்டேன் என்று பெருமையோடு மேசையில் நீட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வயிறு எரியும்.

அமெரிக்க வழக்கப்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டி, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்பது இப்போது இங்கேயும் கூடிவருகிறது. போலிகள் பெருகிவிட்ட 1847 காதிக் கிரவுன் போன்ற விலையுயர்ந்த காசுகளுக்கு அது பாதுகாப்புதான். வில்லியம் வயன் செதுக்கிய அந்த நாணயத்தில் அடித்ததே 8,000. இன்று சீனப் போலி எல்லா ஊரிலும் கிடக்கிறது. ஆனால் பென்னியைப் பூட்டி வைத்தால் விளிம்பை எப்படிப் பார்ப்பது? விளிம்பில் அடி வாங்கியிருக்கிறதா, மோதிரத்திலிருந்தோ பதக்கத்திலிருந்தோ கழற்றியதா என்று விரலும் கண்ணும் சேர்ந்துதான் சொல்லும். பிரிட்டிஷ் சந்தைகளில் பெரும்பாலான காசுகள் இன்னும் திறந்த தட்டிலேயே இருக்கின்றன. அது நீடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கவென்ட்ரியில் எங்களோடு வேலைபார்க்கிற, சென்னையிலிருந்து வந்த பையன் ஒருவனை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். ஒரு பவுண்டு பெட்டிக்குப் பக்கத்து மேசையில் ஒரு தட்டு நிறையப் பழுப்புக் காசுகள். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், இருபுறமும் சிங்கங்கள், லத்தீன் வாசகம், 1808 என்ற ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது.

“அண்ணா, இது நம்ம மெட்ராஸ் காசுதானே? இங்க எப்படி இவ்வளவு குவிஞ்சு கிடக்கு?”

“மெட்ராஸுக்குப் போய்ச் சேரவே இல்லப்பா. வழியிலேயே முழுகிடுச்சு.”

சென்னை மாகாணத்துக்காக போல்டனின் சோஹோ ஆலையில் அடித்த காசுகள் அவை. அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்தைத் தாண்டும் முன்பே, கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் எடுத்த காசுகள் லட்சக்கணக்கில் சந்தைக்கு வந்தன. கெட்டியாக ஒட்டிக் கிடந்த கூட்டத்தின் நடுவில் இருந்தவை இன்றும் சிங்கத்தின் பிடரி மயிர்வரை தெளிவாக இருக்கின்றன. வெளியே இருந்தவற்றை உப்புநீர் தின்று, பரப்பெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது. அதே வியாபாரியிடம் 1803ஆம் ஆண்டு இருபது காசு ஒன்றும் இருந்தது. சின்னத்தின் கோடுகள் வழவழவென்று மழுங்கி, ஓரம் உருண்டு, எண் மட்டும் தட்டுப்பட்டது. அது கரை சேர்ந்த காசு. சந்தையில் உப்புக்கும் புளிக்கும் கொடுத்து, முந்தானையில் முடிந்து, பல கைகளில் ஓடித் தேய்ந்த காசு. பையன் தெளிவான சிங்கத்தை வாங்கினான். நான் மழுங்கியதை எடுத்துக்கொண்டேன். என் தொகுப்பில் சாதாரணமாக அந்த நிலையில் ஒரு காசுக்கும் இடம் கிடையாது. சென்னைக்குப் போய்வந்த சோஹோச் செம்புக்கு மட்டும் விதிவிலக்கு.

வெள்ளி விற்கும் மேசைகளை நான் சீக்கிரம் கடந்துவிடுவேன். 1919 வரை பிரிட்டிஷ் வெள்ளி நாணயத்தில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. முதல் போருக்குப் பின் வெள்ளி விலை நாணயத்தின் முகமதிப்பைத் தாண்டியதால் 1920ல் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டாம் போரில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்ப வேண்டியிருந்ததால் 1947ல் வெள்ளியே இல்லாமல் செம்பு நிக்கலுக்கு மாறினார்கள். அதனால் சந்தையில் ‘1920க்கு முன்’, ‘1947க்கு முன்’ என்று இரண்டு வாளி வைத்து, எடை போட்டு விற்கிறார்கள். வெள்ளி விலை ஏறுகிற மாதங்களில் அந்த வாளிகள் உருக்குகிறவர்களிடம் போகின்றன. அவற்றுக்குள் என்னென்ன அச்சு வேறுபாடுகள் போகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. விக்டோரியா ஷில்லிங்குகள் சிலவற்றில் ஆண்டுக்கு மேலே அச்சு எண் இருக்கும். எத்தனையாவது அச்சில் அடித்தது என்பதற்கான பதிவு அது. வாளியில் கைவிட்டு அப்படிச் சிலவற்றைப் பொறுக்கி, எடை விலைக்கே வாங்கிவருவேன். வெள்ளி என் துறை இல்லை. உருகிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாலை வீட்டுக்கு வந்ததும் வேலை இருக்கிறது. பிவிசி உறையில் வந்த காசை அன்றே மாற்றிவிட வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் பிசுபிசுத்துக் காசின்மேல் பச்சை படியும். என்னுடையது மஹோகனி மரப்பெட்டி. கருவாலி மரம் ஆகாது, அதிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தைக் கெடுக்கும். தட்டில் ஒவ்வொரு குழிக்கும் வட்டமாக வெட்டிய அட்டை. அதில் ஆண்டு, ஃப்ரீமன் எண், எந்தச் சந்தை, எந்த மாதம், என்ன விலை என்று எழுதிக் காசுக்கு அடியில் வைக்கிறேன். காசோடு பழைய வியாபாரி சீட்டு ஏதாவது வந்திருந்தால் அதை வீசுவதில்லை. எனக்கு வந்த 1875 எச் பென்னி ஒன்றோடு மூன்று கையெழுத்தில் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒன்றில் விலை பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் எழுதியிருந்தது; ஆகவே 1971க்கு முன்பே அதை யாரோ ஒருவர் எச் எழுத்தைப் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். நான்காவதாக என் சீட்டைத் தமிழில் எழுதி அவற்றோடு வைத்தேன். அடுத்து வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம் என்பதால் ஆண்டையும் விலையையும் எண்ணில் போட்டிருக்கிறேன்.